நூற்றுக்கு ஏழு!

பெர்னாட்ஷாவின் முதல் நாடகமும் வீட்டுக்காரரின் மனச்சாட்சியும்

1892ஆம் ஆண்டு, டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள். இலண்டன் மாநகரின் ராயல்டி அரங்கிலே ஒரு புது நாடகம் நடந்தேறித் திரை விழுந்தது. ஒரு சாரார் கையொலி எழுப்பினர். மற்றொரு சாரார் சீறினர், சீழ்க்கை அடித்தனர். மேடைக்கு வந்தார் நாடகத்தைத் தீட்டியவர். வாழ்த்தினோர்க்கும் வைதோர்க்கும் ஒருங்கே விடையளித்து உரை நிகழ்த்தினார். வயது 36. பெயர் பெர்னாட்ஷா. நாடகம், 'விடோயர்ஸ் ஹவுசஸ்' - மனைவியை இழந்தோர் வீடுகள்.

ஷாவின் முதல் நாடகம் இது. அப்போது நடந்தது இரண்டே முறை. பின்னர் அவர் எழுதிக் குவித்த புகழ் மிக்க நாடகங்களின் நிழலிலே இது மறைந்துவிட்டது. எனினும், சொந்த வீடு வாங்குவதும், இரண்டாவது வீட்டை வாங்கி வாடகைக்கு விடுவதும், மனையிலே பணத்தைப் போட்டு மடங்காகப் பெருக்குவதும் நடுத்தரக் குடும்பங்களின் நாள்தோறும் பேச்சாகிவிட்ட இந்நாளில், நம் இளைஞர்கள் தேடிப் படிக்கவேண்டிய ஏடு இது என்போம். வீட்டுக்காரன் கொடியவன், குடியிருப்பவன் பரிதாபத்துக்குரியவன் என்று கண்ணீர் வடித்துவிட்டுக் கலையும் நாடகமல்ல இது. கையிலே கறை படாதவன் என்று தன்னைக் கருதிக்கொள்ளும் கண்ணியவானைக் கூண்டிலே ஏற்றும் நாடகம்.

பெயரிலேயே குறும்பு இருக்கிறது. விதவைகளின் வீடுகளை விழுங்கிக்கொண்டே நீண்ட தொழுகை நடத்தும் வேதபாரகர்களை ஏசு கண்டித்ததாகக் கிறித்தவ மறை கூறுகிறது. அதைத் திருப்பிப் போட்டார் ஷா. இங்கே வீடுகளை விழுங்குபவர் மனைவியை இழந்த ஒரு கனவான்!

கதை இதுதான்

ஹாரி டிரெஞ்ச் என்றோர் இளம் மருத்துவன். நல்ல குடி, நல்ல கல்வி, நல்ல உள்ளம். ஆண்டுக்கு 700 பவுன் வருவாய் அவனுக்கு உண்டு. ரைன் நதிக்கரையில் ரேமாகன் என்னும் ஊரில் விடுமுறையைக் கழிக்கும்போது பிளாஞ்ச் என்ற மங்கையிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். அவள் தந்தை சார்ட்டோரியஸ், மிடுக்கான செல்வர். திருமணத்துக்கு இசைகிறார், மாப்பிள்ளை வீட்டுப் பெரியோர் தம் மகளை மதித்து ஏற்பார்களா என்பதொன்றே அவர் கவலை.

இரண்டாம் காட்சி சார்ட்டோரியசின் அழகிய மாளிகையிலே. அங்கே வருகிறார் லிக்சீஸ் - கந்தலாடை, பசித்த முகம், நான்கு குழந்தைகளின் தந்தை. சார்ட்டோரியசுக்கு வாடகை தண்டிக் கொடுப்பவர். அன்று அவரை வேலையை விட்டு நீக்குகிறார் முதலாளி. செய்த குற்றம் யாது? களவா? கையாடலா? இல்லை. சேரி வீடொன்றில் மாடிப்படி இடிந்து கிடந்தது. மூன்று பெண்கள் விழுந்து அடிபட்டனர். லிக்சீஸ் அதைச் செப்பனிட்டுவிட்டார். செலவு 1 பவுன் 4 ஷில்லிங், அதாவது 24 ஷில்லிங்! அதற்காகத்தான் வேலை போயிற்று.

வயிறெரிந்த லிக்சீஸ் டிரெஞ்சிடம் உண்மையைக் கொட்டுகிறார். மாளிகையும், மகளின் பட்டாடையும், ரைன் நதிப் பயணமும் எங்கிருந்து வந்தன? அறை அறையாக, அரை அறையாக, கால் அறையாகப் பிரித்து ஏழைகளுக்கு வாடகைக்கு விட்டு, வாரந்தோறும் கசக்கிப் பிழிந்த காசிலிருந்து வந்தன! துடிக்கிறான் டிரெஞ்ச். அந்தப் பணத்தில் ஒரு காசும் வேண்டாம், என் 700 பவுனிலேயே வாழ்வோம் என்கிறான் பிளாஞ்சிடம். காரணத்தை மட்டும் சொல்ல மறுக்கிறான். அவளோ சினந்து சீறி மணத்தையே முறித்துக்கொள்கிறாள்.

இதற்குப் பிறகுதான் நாடகத்தின் நெஞ்சுப் பகுதி. டிரெஞ்சின் முன் வந்து அமர்கிறார் சார்ட்டோரியஸ். கோபமில்லை, கூச்சமுமில்லை. 'உமது 700 பவுன் எங்கிருந்து வருகிறது?' என்பதே அவர் கேட்கும் கேள்வியின் சாரம். அடமானத்தின்மீது கொடுத்த கடனுக்கு வட்டி. எந்தச் சொத்தின் அடமானம்? சார்ட்டோரியசின் அதே சேரி வீடுகள்! வட்டி விகிதம்? நூற்றுக்கு 7! லிக்சீஸ் எனக்குத் தண்டினார். நான் உமக்குத் தண்டுகிறேன். நாங்கள் இருவரும் இடைத்தரகர், முதலாளி நீர்தாம் என்று அடித்துவைக்கிறார் ஆணி. வாயடைத்துப் போகிறான் வாலிபன். 'அப்படியானால் நானும் உம்மைப் போன்றவனே' என்று தலை கவிழ்கிறான்.

மூன்று வாதங்கள்

இந்நாடகத்திலே மூவர் மூன்று வாதங்களை எடுத்துரைக்கின்றனர். வாடகைக்கு வீடு விட்டு வாழும் எவரும், அன்றும் இன்றும், இம்மூன்றுள் ஒன்றைச் சொல்லித்தான் தம் மனத்தைத் தேற்றிக்கொள்கின்றனர். ஆகவே ஒவ்வொன்றையும் உரைத்துப் பார்ப்போம்.

முதல் வாதம் லிக்சீசுடையது: நான் செய்யாவிட்டால் வேறொருவன் செய்வான், என் குழந்தைகள் பட்டினி கிடப்பர். இதற்கு ஷா வழங்கும் மறுமொழி மூன்றாம் காட்சியில் இருக்கிறது. வேலையிழந்து போன அதே லிக்சீஸ் மென்மயிர் மேலங்கியும் பளபளக்கும் தொப்பியுமாகத் திரும்பி வருகிறார், புதியதொரு சூழ்ச்சித் திட்டத்தோடு. பட்டினியின் பெயரால் தொடங்கிய கொடுமை, பட்டினி தீர்ந்தவுடன் நின்றுவிடவில்லை! சார்ட்டோரியசும் அவ்விதமே. அவருடைய தாய் நாளொன்றுக்கு 13 மணி நேரம் துணி வெளுத்துப் பிழைத்தவள். வறுமையை அறிந்தவன் வறியோரிடம் இரக்கம் காட்டுவான் என்ற இனிய நம்பிக்கையைச் சுக்குநூறாக்குகிறார் ஷா. வறுமை ஒருவனுக்குப் பாடம் கற்பிக்கும். ஆனால் எந்தப் பாடம் என்பதை அவனே தேர்ந்தெடுக்கிறான்.

இரண்டாவது வாதம் சார்ட்டோரியசுடையது: இந்த ஏழைகளுக்கு நல்ல வீட்டில் வாழத் தெரியாது. மாடிப்படிக் கைப்பிடிகளைப் புதிதாகப் போட்டுத்தான் பாருமே. மூன்றே நாளில் பிடுங்கி அடுப்பெரித்துவிடுவர் என்கிறார். இது கற்பனைக் குற்றச்சாட்டன்று. குளிரிலே விறைக்கும் குடும்பம், விறகுக்குக் காசில்லாவிடில் கைப்பிடி மரத்தை எரிக்கத்தான் எரிக்கும். 'தலைவிதி' என்பான் நம் நாட்டு வைதிகன். 'பொருளாதார விதி' என்கிறார் சார்ட்டோரியஸ். விளக்கம் வேறு, விதியின்மீது பழியைப் போட்டுவிட்டுப் பணப்பெட்டியைப் பூட்டும் வித்தை ஒன்றே!

மூன்றாவது வாதம் டிரெஞ்சுடையது; மிக மென்மையானது, ஆகவே மிக ஆபத்தானது. நான் யாரையும் விரட்டவில்லை. வாடகை கேட்டுக் கதவைத் தட்டவில்லை. அந்தத் தெருவையே பார்த்ததில்லை. பணத்தைப் போட்டேன், வட்டி வருகிறது, அவ்வளவே. இந்தக் 'காணாமை' இருக்கிறதே, அதுதான் அவன் அனுபவித்த தூய்மை. சேரியின் நாற்றம் ஆளுக்கு ஆள், கைக்குக் கை மாறி வரும்போது வழியிலேயே கழுவப்பட்டுவிடுகிறது. வங்கிக்கு வந்து சேரும்போது அது வெறும் எண்! இதை உலகுக்கு உரைத்ததே ஷாவின் அருஞ்செயல்.

ஷா இதனை ஏட்டிலிருந்து மட்டும் கற்கவில்லை. 1871இல், பதினைந்து வயதில், டப்ளின் நகரில் நிலச்சொத்துக்களை நிர்வகிக்கும் அலுவலகமொன்றில் எழுத்தராகச் சேர்ந்தார்; ஏழைக் குடியிருப்போரிடம் வாரவாடகை தண்டும் பணியையும் செய்தார். 1876இல் அதை உதறிவிட்டு இலண்டன் சேர்ந்தார். 1882இல் ஹென்றி ஜார்ஜ் ஆற்றிய சொற்பொழிவைக் கேட்டார். ஊர் வளர வளர, உடையவன் ஒரு துரும்பையும் அசைக்காமலே நிலத்தின் மதிப்பு ஏறுகிறது. அந்த ஏற்றம் ஊராரின் உழைப்பால் விளைந்தது. அதை ஒருவன் மட்டும் உண்பது முறையா என்பது ஜார்ஜின் கேள்வி. அக்கேள்விதான் மூன்றாம் காட்சியாக வடிவெடுத்தது. நகரத்திலே புதுச்சாலை வரப்போகிறது. சேரி வீடுகள் இடிபடும். முன்கூட்டியே அவற்றைச் செப்பனிட்டுக் காட்டினால் நஷ்ட ஈடு பெருகும். முன்னர் 24 ஷில்லிங்குக்காக ஒருவனை விரட்டியவர் இப்போது தாராளமாகச் செலவிட முன்வருகிறார். குடியிருப்போருக்காகவா? இல்லை, இடிப்பதற்காக! டிரெஞ்சும் முதலில் முணுமுணுத்து, முடிவில் கூட்டுச் சேர்கிறான்; பிளாஞ்சின் கையும் கிடைக்கிறது.

மிகைப்படுத்திய கதையோ என்று ஐயுற வேண்டா. சேரிகளை அகற்ற 1875இல் பார்லிமெண்டு சட்டம் செய்தபோது, சொத்துடையோர் பெற்ற ஈட்டுத்தொகை மிதமிஞ்சிப் போனது. ஆட்களை அடைத்து அதிக வாடகை ஈட்டியவனுக்கு அதுவே ஆதாயமாயிற்று. 1879இல் சட்டத்தைத் திருத்தவேண்டி வந்தது. ஏழைகளின் குடியிருப்பைப் பற்றி விசாரித்த ராயல் கமிஷன் 1885இல் அறிக்கை தந்தது. சுகாதாரச் சட்டத்தைச் செயற்படுத்தவேண்டிய கிளார்க்கன்வெல் வட்டார மன்றத்திலேயே இழிந்த வீடுகளின் உடைமையாளர்கள் உறுப்பினராக வீற்றிருந்ததை அக்கமிஷன் கண்டது. வேலியே பயிரை மேய்ந்தது!

நாம் காணும் குறை

நாடகத்தின் வலிமையைச் சொன்னோம். குறையையும் கூறுவதே திறனாய்வு.

ஒரு குறை: வீடுகளைப் பற்றிய இந்நாடகத்தில் அவ்வீடுகளில் குடியிருப்போர் ஒருவர்கூட மேடைக்கு வருவதில்லை. மாடிப்படியில் விழுந்த மூன்று பெண்களின் பெயர் நமக்குத் தெரியாது, குரல் கேட்பதில்லை. உண்போர் பேசுகின்றனர், உண்ணப்படுவோர் பேசவில்லை. கண்ணியவான்களின் முகத்திரையைக் கிழிப்பதே ஷாவின் நோக்கம் என்பதை அறிவோம். எனினும், ஏழைகளை வெறும் பேச்சுப் பொருளாக்கியதால், அவர்கள் செயலற்ற பிண்டங்கள் என்ற சார்ட்டோரியசின் கருத்துக்கு ஆசிரியரை அறியாமலே ஓரளவு ஆதரவு கிடைத்துவிடுகிறது.

பெரிய குறை மற்றொன்று. 'நீயும் குற்றவாளி' என்று சார்ட்டோரியஸ் சொன்னதும் டிரெஞ்சு சரணடைகிறான். எல்லோரும் குற்றவாளிகள் என்றால் எவரும் குற்றவாளியல்லர் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறான். ஆசிரியர் அவனை எள்ளுகிறார், உண்மைதான். ஆனால் வேறு வழி ஒன்று உண்டா என்பதைக் கோடிட்டுக்கூடக் காட்டவில்லை. பார்ப்பவர் முன் இரண்டே கதவுகள்: ஒன்று, பணத்தைத் துறந்து பரிசுத்தனாவது, மற்றொன்று, பங்கு வாங்கிக்கொண்டு வாய் மூடுவது. மூன்றாவது கதவு உண்மையிலேயே இல்லையா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூற்றுக்கு 7 வீதம் 700 பவுன் வட்டி என்றால், முதல் 10,000 பவுன். நூற்றுக்கு 5 போதும் என்று டிரெஞ்சு சொல்லியிருந்தால் ஆண்டுக்கு 500 பவுன் கிடைத்திருக்கும். மீதம் 200 பவுன், அதாவது 4,000 ஷில்லிங். மாடிப்படி ஒன்றைச் செப்பனிட 24 ஷில்லிங். ஆக, ஆண்டுதோறும் 166 மாடிப்படிகள்! கடன் கொடுத்தவன் என்ற முறையிலே இதை நிபந்தனையாக வைக்க முயலும் நிலை அவனுக்கு இருந்தது. அவன் கேட்கவில்லை. காதலியைத் துறக்கத் துணிந்தான். இரண்டு சதவீதத்தைத் துறக்க எண்ணவில்லை!

நூற்றுக்கு 5 என்பது நாம் கற்பித்த எண்ணன்று. நாடகம் மேடையேறுவதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே, 1865இல், அதே இலண்டனில் மேரிலிபோன் பகுதியில் ஆக்டேவியா ஹில் என்ற பெண்மணி மூன்று வீடுகளைப் பொறுப்பேற்றார். பணம் போட்டவர் அறிஞர் ஜான் ரஸ்கின். அவருக்குத் தருவதாகச் சொன்னது நூற்றுக்கு 5. அவ்வீடுகளிலும் கூரை ஒழுகியது. மாடிப்படி இருண்டு கிடந்தது. கைப்பிடிகளைக் குடியிருந்தோர் எரித்திருந்தனர் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அதே எரிந்த கைப்பிடி! சார்ட்டோரியஸ் அதைக் கண்டு 'செப்பனிட்டுப் பயனில்லை' என்றார். ஆக்டேவியா ஹில்லோ செப்பனிடத் தொடங்கினார். பழுதுபார்க்க ஆண்டுக்கு இவ்வளவு என்று தொகை ஒதுக்கினார். உடைப்பது குறைந்து பணம் மிஞ்சினால், குடியிருப்போர் விரும்பும் வசதிக்கு அது செலவாகும் என்றார். உடைப்பது குறைந்தது. பழக்கம் மனிதனின் பிறவிக்குணமல்ல, சூழ்நிலையின் விளைவு என்று பகுத்தறிவாளர் கூறும் உண்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

ஆனால், அந்த அம்மையாரைத் தெய்வமாக்கித் தேர் இழுக்கவும் நாம் முற்படவில்லை. வாடகை தவறியவரிடம் அவர் கண்டிப்புக் காட்டினார், வெளியேற்றவும் செய்தார். அரசே வீடு கட்டித் தருவதை எதிர்த்தார். நல்லவர் ஒருவரின் கையில் நல்வாழ்வு சிக்கியிருக்குமாயின், அவர் மறைந்தபின் என்ன ஆகும்? தனிமனிதரின் தருமசிந்தனையில் ஷாவுக்கு நம்பிக்கை இல்லாததன் காரணம் இதுவே. இலண்டன் கவுண்டி கவுன்சில் தேர்தலில் முற்போக்கு அணிக்கு வாக்களிக்கத் தூண்டவே நாடகத்தை எழுதியதாக அவர் அறிவித்தார். 1897இல் தாமே செயிண்ட் பாங்க்ராஸ் வட்டார மன்றத்தில் உறுப்பினராகி நகராட்சிப் பணியில் உழைத்தார்.

ஷாவின் மேடையில் ஏறாத குடியிருப்போர், 1915இல் கிளாஸ்கோ நகரத் தெருக்களில் தோன்றினர். போர்க்காலத்தைப் பயன்படுத்தி வாடகையை ஏற்றினர் வீட்டுக்காரர், மேரி பார்பர் போன்ற வீராங்கனைகளின் தலைமையில் பெண்கள் திரண்டனர், கொடுக்கமாட்டோம் என்றனர், காலிசெய்ய வந்த அதிகாரிகளைத் தடுத்து நிறுத்தினர். அவ்வாண்டின் இறுதிக்குள் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. மூன்றாவது கதவைத் திறந்தவர் டிரெஞ்சு அல்லர். மாடிப்படியில் விழுந்த பெண்களின் தங்கையர்!

இன்றைய டிரெஞ்சுகள்

பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? இங்கிலாந்திலே 1996 முதல், வாடகைக்கு விடுவதற்கென்றே வீடு வாங்கத் தனிக் கடன் திட்டம் நடப்பில் உள்ளது. ஆசிரியர், மருத்துவர், ஓய்வை நோக்கும் அலுவலர் எனப் பலர் ஒன்றிரண்டு வீடுகளின் உடைமையாளராயினர். இவர்கள் டிரெஞ்சும் சார்ட்டோரியசும் ஓருடலில் இணைந்தவர்கள். வங்கி என்னை நெருக்குகிறது, நான் குடியிருப்போரை நெருக்குகிறேன் என்பது இவர்கள் வாதம். முதுமைக்கு வேறு ஆதரவில்லையே என்ற அச்சமும் பொய்யன்று. அதை ஏளனம் செய்யமாட்டோம். ஆனால் ஒன்று கேட்போம்: வட்டி ஏறும் ஆபத்து உமது முதலீட்டின் ஆபத்து, அதைச் சுமக்கவேண்டியவர் நீரா, உமது வீட்டில் குடியிருப்பவரா?

1988ஆம் ஆண்டுச் சட்டமொன்று, காரணமே காட்டாமல் குடியிருப்போரை வெளியேற்ற அங்கே வழி செய்தது. ஒழுகுகிறது என்று வாய் திறந்தால் வீடு போய்விடுமோ என்று அஞ்சி வாழ்ந்தனர் மக்கள். அந்த அதிகாரத்தைக் களையும் சட்டம் 2025இல்தான் நிறைவேறியது. ரோச்டேல் நகரில், 2020 டிசம்பரில், இரண்டு வயதுக் குழந்தை ஒன்று மாண்டது. சுவரில் படர்ந்த பூஞ்சணமே காரணம் என்று மரண விசாரணை 2022இல் தீர்ப்புரைத்தது. தனியார் வீடுமல்ல அது; பொதுநல வீட்டு நிறுவனத்துடையது. பெற்றோர் முறையிட்டனர், வாழும் முறை சரியில்லை என்று அவர்கள்மீதே பழி போடப்பட்டது. சார்ட்டோரியசின் குரல் கேட்கிறதல்லவா! குறித்த காலத்துக்குள் பழுது நீக்கவேண்டும் என்ற விதிக்கு 2023இல் சட்டம் வழிவகுத்தது. 24 ஷில்லிங் மாடிப்படி, வேறு உருவிலே.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே சார்ட்டோரியசின் கணக்குப் புத்தகத்திலே இல்லாத ஒரு பத்தியும் உண்டு: சாதி. வாடகைக்கு வீடு தேடிச் செல்பவரிடம் ஊரென்ன, உணவென்ன என்று சுற்றி வளைத்துக் கேட்டு, விடையறிந்ததும் 'வீடு நேற்றே போய்விட்டது' என்கின்ற நாகரிகம் நகரங்களில் உலவுகிறது. 'சைவ உணவினர்க்கு மட்டும்' என்று பலகை தொங்குகிறது. கூட்டத்திலே சமத்துவம் பேசிவிட்டு, வீட்டு வாயிலிலே வருணாசிரமம் பார்ப்பவன் டிரெஞ்சைவிட எவ்விதத்தில் மேலானவன்?

எனவே, வீடு வைத்திருக்கும் தோழர்களுக்கும், வைத்திருக்க விரும்பும் இளைஞர்களுக்கும் இந்நாடகத்தின் பயனாக நாம் சொல்வது இது. வாடகை பெறுவது பாவமென்று பஞ்சாங்கம் படிக்கவில்லை. துறவு பூணவும் சொல்லவில்லை. துறவு எளிது, கணக்குக் காட்டுவதுதான் கடினம். பெறும் வாடகையில் பழுதுபார்க்க எவ்வளவு ஒதுக்கினீர்? சுவர் நனையும்போது எத்தனை நாளில் ஆள் அனுப்பினீர்? வந்தவரின் பண்பைப் பார்த்து வீடு கொடுத்தீரா, பிறப்பைப் பார்த்தா? ஊர் போட்ட சாலையால் மதிப்பு உயர்ந்தபோது, ஊருக்கு வரி கட்டும் வேளையில் முகம் சுளித்தீரா? உமது பணம் எந்தெந்தத் தெருவில் வேலை செய்கிறது என்று ஒருமுறையேனும் நேரில் சென்று கண்டீரா? இவற்றுக்கு விடை எழுதிப் பாருங்கள். மனச்சாட்சியின் எடை தானே தெரியும்.

குடியிருக்கும் தோழர்களுக்கும் ஒரு சொல். வீட்டுக்காரரின் நல்லெண்ணத்தை வாழ்த்துங்கள். ஆனால் அதை நம்பி உறங்காதீர்கள். கிளாஸ்கோப் பெண்கள் ஒருவர் கதவை மற்றவர் காத்தனர். சட்டம் பின்னால் வந்தது. நூற்றுக்கு 7ஐ 5 ஆக்குவது நல்லவர்களின் கடமை. அந்த நல்லவர்கள் இல்லாத தெருவிலும் மாடிப்படி உறுதியாக இருக்கச் செய்வது, ஒன்றுபட்ட மக்களின் கடமை!